மறைத்த கால்கள்: ‘உண்மை மனிதனின் கதை’யை மீண்டும் வாசித்தல்

சோவியத் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைத்த காலத்தில் தமிழ் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த நாவல்களில் ஒன்று பரீஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’. ரஷ்ய மொழியில் 1946இல் வெளியானது. சுட்டு வீழ்த்தப்பட்ட போர் விமானி ஒருவன் பனிக்காட்டில் 18 நாட்கள் ஊர்ந்து உயிர் தப்புகிறான். அவனுடைய இரண்டு கால்களையும் அகற்றுகிறார்கள். செயற்கைக் கால்களைப் பொருத்திக்கொண்டு அவன் மறுபடியும் போர் விமானம் ஓட்டுகிறான். கதையின் அடிப்படை கற்பனை அல்ல. 1942இல் அலெக்ஸேய் மரேஸ்யெவ் என்ற விமானிக்கு நேர்ந்ததுதான் அது. பொலெவோய் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அவரை ‘மெரேஸ்யெவ்’ ஆக்கினார். 1943இல் மரேஸ்யெவ் மீண்டும் போர்முனையில் பறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டம் பெற்றார். 2001 வரை வாழ்ந்தார்.

இந்நாவலைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவிகளிடம் ஒன்று கேட்பது என் வழக்கம். “நீங்கள் ஏறப்போகும் பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்குக் கால்கள் இல்லை என்று தெரிந்தால் ஏறுவீர்களா?” பெரும்பாலானோர் மாட்டோம் என்றுதான் சொல்கிறார்கள். காட்டில் அவன் ஊர்ந்த பக்கங்களில் கண் கலங்கியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. உயிர்ப் பயத்தில் பொய் கிடையாது. ஆனால் ஒரு பிரதி நம்மை இவ்வளவு நெகிழவைத்தும் நம்பவைக்கவில்லை என்றால், அதன் காரணத்தைப் பிரதிக்குள்ளேயே தேடுவதுதான் விமர்சனத்தின் வேலை. மெரேஸ்யெவின் தகுதியை நிறுவுவதற்கு நாவல் இரண்டு சோதனைகளை வைக்கிறது. நம் நினைவில் தங்கியிருப்பது அவற்றில் தவறான ஒன்று என்பது என் வாசிப்பு.

முதல் சோதனை நடனம். உடல்நலம் தேறும் விமானிகள் தங்கும் இல்லத்தில் ஸீனா என்ற இளம்பெண்ணிடம் அவன் நடனம் பயில்கிறான். செயற்கைக் கால்கள் தசையைக் கிழிக்கும் வலியோடு ஆடப் பழகுகிறான். மருத்துவக் குழு வருகிறது. அவனுடைய உடற்கட்டையும் சுறுசுறுப்பையும் பார்த்து மருத்துவர் முதலில் வியக்கிறார், கோப்பைப் படித்த பிறகுதான் பாதங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. நம்ப முடியாமல் திகைப்பவரை மெரேஸ்யெவ் அன்று மாலை நடனத்துக்கு வரச் சொல்கிறான். அவர் வந்து பார்க்கிறார். கதவு திறக்கிறது.

வாசிக்க இதமான இடம்தான். ஆனால் நடனம் எதை அளந்தது? விமானம் ஓட்டும் திறனை அல்ல. குறை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்பதை அளந்தது. பார்ப்பவர் ஏமாறும் அளவுக்கு ஆடியவன் தேறுகிறான். இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், இருந்த இடத்திலிருந்து எழ முடியாத, ஆனால் விமானத்தை ஒழுங்காகச் செலுத்தக்கூடிய இன்னொருவர் தோற்றிருப்பார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய மாணவி ஒருத்தி என் வகுப்பில் கேட்டாள்: “அவருக்கு ஆடத் தெரியலைன்னா என்னம்மா செஞ்சிருப்பாங்க?” பல ஆய்வுக் கட்டுரைகளைவிட அந்தக் கேள்வி நாவலுக்குள் ஆழமாகப் போயிற்று.

மறைத்தல் நடன அரங்கோடு நிற்கவில்லை. காதலி ஓல்யாவுக்கு எழுதும் கடிதங்களில், தன் கால்கள் போனதை அவன் நெடுங்காலம் சொல்வதே இல்லை. மறுபடி பறந்து தன்னை நிறுவிய பிறகுதான் அவளுக்கு உண்மையைச் சொல்லும் உரிமை தனக்கு வரும் என்று நினைக்கிறான். ஓல்யாவின் அன்புக்கு அவன் மனதிலேயே ஒரு மருத்துவத் தேர்வு வைத்துவிட்டான், அவளிடம் கேட்காமலே. நாவலில் பெண்கள் பெரும்பாலும் அவனுடைய காயத்தைச் சுற்றித்தான் நிற்கிறார்கள்: செவிலியாக, நடனம் கற்பிப்பவளாக, தூரத்துக் காதலியாக. அவன் உடல் குறையில்லாதது என்று சான்று தரும் கண்களாகவே அவர்கள் பயன்படுகிறார்கள். அதே போரில் மரினா ரஸ்கோவாவின் முயற்சியால் பெண்களுக்கென்று மூன்று விமானப் படைப்பிரிவுகள் 1941இல் உருவானதையும், அவர்கள் ஆண்களுக்குத் தைத்த சீருடையிலும் பெரிய பூட்ஸிலும் பறந்ததையும் நினைத்துக்கொண்டு வாசித்தால் இந்த வரிசை உறுத்துகிறது. ரஷ்யத் தலைப்பில் உள்ள சொல் ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் குறிக்கும் சொல். தமிழில் அது ‘மனிதன்’ ஆனபோது ஆண்பால் விகுதி ஒட்டிக்கொண்டது. உள்ளடக்கத்தைப் பார்த்தால் தமிழ்த் தலைப்புதான் நாவலுக்கு அதிகம் பொருந்துகிறது.

மறைத்துத் தேறுவது பெண்களுக்குப் புதிதல்ல. வயிற்று வலியை மறைத்துத் தேர்வெழுதுகிறோம். கருவுற்றிருப்பதை மறைத்து நேர்காணலுக்குப் போகிறோம். ‘முடியவில்லை’ என்று ஒரு நாள் சொன்னால் ‘பெண்களை எடுத்தாலே இப்படித்தான்’ என்று வந்துவிடும் என்பதால் சொல்லாமல் இருக்கிறோம். அதனால் மெரேஸ்யெவின் நடனம் நமக்குச் சட்டென்று புரிகிறது. புரிவதனாலேயே அதைக் கொண்டாடாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது சோதனை பயிற்சி விமானத்தில் நடக்கிறது. மெரேஸ்யெவ் தன் செயற்கைக் கால்களை வார்கள் கொண்டு பெடலோடு பிணைத்துக்கொள்கிறான். பாதத்தில் உணர்வு இல்லாததால், பெடலின் அசைவை மேலே எஞ்சியிருக்கும் காலால் உணரக் கற்றுக்கொள்கிறான். பயிற்சியாளர் நௌமோவுக்கு விஷயம் தெரியாது. கடும் குளிரில் சாதாரணக் காலணியோடு வந்திருக்கிறானே என்று கடிந்துகொள்கிறார். பிறகுதான் அந்தக் காலணிக்குள் பாதமே இல்லை என்று அறிகிறார். விமானம் ஓட்டும் தகுதி உண்மையில் அளக்கப்பட்டது இங்கேதான்: ஒரு குறிப்பிட்ட உடல், ஒரு குறிப்பிட்ட இயந்திரம், செய்ய வேண்டிய குறிப்பிட்ட வேலை. நாவல் இந்தப் பக்கங்களையும் உணர்ச்சிப் பெருக்கோடு முடித்துவிடுகிறது. வார் அறுந்தால் என்ன, பாராசூட்டில் குதிக்க நேர்ந்தால் அந்த வாரை எவ்வளவு நேரத்தில் அவிழ்க்கலாம் என்பவை வீரகாவியத்துக்குள் பின்னுக்குப் போய்விடுகின்றன. பயணியாக ஏறுபவருக்கு அவைதான் கேள்விகள்.

அந்தக் கேள்விகளை இன்று எப்படிக் கேட்கிறார்கள்? விமான மருத்துவம் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, பறந்துகொண்டிருக்கும்போது விமானி திடீரெனச் செயலிழப்பது: மாரடைப்பு, வலிப்பு, மயக்கம். இதை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க முடியாது, வாய்ப்பை மதிப்பிடத்தான் முடியும். இரண்டு விமானிகள் இருக்கும் விமானங்களுக்கு, ஒருவர் ஓராண்டில் அப்படிச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்ற அளவுகோல் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. மற்றொன்று, மாறாத உடற்குறை: இல்லாத கால், குட்டையான கை. நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பதால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில், மாறாத குறை உள்ளவரை விமானத்தில் ஏற்றி, ஆய்வாளர் அருகில் அமர்ந்து ஓட்டச் சொல்லிப் பார்த்து, திறனை நிரூபித்ததற்குச் சான்று வழங்கும் முறை உண்டு. சான்றில் நிபந்தனைகளும் எழுதப்படலாம். இன்ன செயற்கை உறுப்பு அணிந்திருக்க வேண்டும் என்பது போன்றவை அவை.

இந்தச் சோதனை கருணையால் நடப்பதல்ல, கடுமையானது. புறப்படும்போது ஒரு பக்கத்து எஞ்சின் நின்றுபோனால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அதை நேராக்கச் சுக்கான் பெடலை ஒரு காலால் பலமாக மிதித்துப் பிடிக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதி, இதற்குச் சிறிது நேரத்துக்கு 150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 68 கிலோ விசை வரை தேவைப்படலாம் என்று அனுமதிக்கிறது. பிரேக்கும் அதே பெடலின் மேல்பகுதியில்தான் இருக்கிறது. செயற்கைக் கால் அந்த விசையைத் தாங்குமா, நழுவுமா என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ‘மன உறுதி’ அதற்கு விடையாகாது. விதியைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இன்னொன்று: கேள்வி நியாயமானது என்றால் இரண்டு காலும் உள்ள எல்லோரிடமும் அதைக் கேட்க வேண்டும். முழு உடல் என்பதாலேயே ஒருவருக்கு 68 கிலோ விசை வந்துவிடாது.

செயற்கை உறுப்போடு பயணிகள் விமானம் ஓட்டியவர்கள் நாவலுக்கு வெளியே இருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரு சம்பவம் நடந்தது. பர்மிங்காமிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு வந்த ஃப்ளைபி நிறுவன விமானத்தின் தலைமை விமானிக்கு இடது முன்கை செயற்கையானது. அதை ஒரு பிடிப்பானால் கட்டுப்பாட்டுச் சக்கரத்தோடு பொருத்தித்தான் ஓட்டுவார். பலத்த காற்றில் தரை தொடவிருந்த நொடியில் அந்தக் கை பிடிப்பிலிருந்து கழன்றுவிட்டது. துணை விமானியிடம் சொல்லி ஒப்படைக்க நேரம் போதாது என்று கணித்து, எஞ்சின் விசைக் கம்பிகளில் இருந்த வலது கையை எடுத்துச் சக்கரத்தைப் பிடித்தார். விசை குறையாததால் விமானம் தரையில் மோதித் துள்ளி இறங்கியது. நாற்பதுக்கு மேற்பட்ட பயணிகளில் யாருக்கும் காயமில்லை.

விபத்து விசாரணைக் கிளை அறிக்கை வெளியிட்டதும் நாளிதழ்கள் ‘கழன்று விழுந்த கை’ என்று தலைப்பிட்டு வேடிக்கை காட்டின. அறிக்கை சொன்ன பாடமோ எளிமையானது. இனி இறங்குவதற்கு முன் பிடிப்பு சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பதாகவும், இப்படிப்பட்ட தருணத்தில் கட்டுப்பாட்டை ஏற்க நேரலாம் என்று துணை விமானிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதாகவும் அந்த விமானி கூறியிருந்தார். மெரேஸ்யெவின் வாருக்கும் இந்தப் பிடிப்பானுக்கும் இடையில் எழுபது ஆண்டுகள். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. நாவலில் பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமல் இருந்தது சாதனையாகிறது. அறிக்கையில் பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்திருப்பதே பாதுகாப்பாகிறது. பயணியாக நான் எந்தப் பிரதியை நம்புவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாதுகாப்பு என்ற சொல்லை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்பே விமானத்துறை பெண்களுக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறது. 1924இல் சர்வதேச வான்வழி ஆணையம், வணிக விமானங்களை இயக்கும் பணியில் பெண்கள் கூடாது என்று தீர்மானித்தது. மாதவிடாய் உள்ள உடலை வானில் நம்ப முடியுமா என்பது அன்றைய பெரிய ஐயம். அயர்லாந்தில் பிறந்த லேடி மேரி ஹீத் போராடித் தேர்ச்சி பெற்றுக் காட்டிய பிறகு, 1926இல் தடை விலகியது. 1934 கடைசியில் ஹெலன் ரிச்சி அமெரிக்காவில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் விமானியானார். விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. வானிலை நன்றாக உள்ளபோது மட்டும் ஓட்ட அனுமதிக்கும்படி அரசுத் துறை நெருக்கியது. ஓராண்டுக்குள் அவர் விலகினார். இங்கே யாரும் ஹெலன் ரிச்சியை ஓட்டச் சொல்லிப் பார்த்துத் தோற்கடிக்கவில்லை. ஓட்டவே விடாமல் தோற்கடித்தார்கள். சோதித்து மறுப்பதையும் சோதிக்காமல் மறுப்பதையும் ஒன்றாகப் பார்க்காதிருக்க இந்த வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது.

அளவுகோலின் கதை அத்தோடு முடியவில்லை. 1950இல் அமெரிக்க விமானப்படை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் விமானிகளின் உடலை அளந்தது. சராசரி உடலுக்கேற்ற விமானி அறையைக் கட்டலாம் என்பது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், உயரம், மார்பளவு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு உடலை இருக்கைக்குப் பொருத்துவதை விட்டு, இருக்கையையும் பெடலையும் நகர்த்தக்கூடியதாக ஆக்கினார்கள். ஆண்களுக்கே பொருந்தாதபோது இயந்திரம் மாறியது. பெண்களுக்குப் பொருந்தாதபோது பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதே விமானப்படை, விமானியாக 5 அடி 4 அங்குலமாவது உயரம் வேண்டும் என்ற பொது விதியை 2020இல்தான் நீக்கியது. இருபதுகளில் உள்ள அமெரிக்கப் பெண்களில் 44 சதவீதத்தினர் அந்த உயரத்துக்குக் குறைவானவர்கள் என்று அதுவே அப்போது தெரிவித்தது.

இயந்திரம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெசிகா காக்ஸ் இருக்கிறார். இரு கைகளும் இல்லாமல் அரிசோனாவில் பிறந்தவர். மூன்று ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 2008இல், பாதங்களால் சிறுவிமானம் ஓட்ட உரிமம் பெற்றார். அவர் ஓட்டும் எர்கூப் 1930களில் ஃப்ரெட் வீக் வடிவமைத்த விமானம். அதில் சுக்கான் பெடல் தனியாக இல்லை; சக்கரத்தைத் திருப்பினால் சுக்கானும் சேர்ந்து திரும்பும். கைகளற்றவர்களுக்காக அது செய்யப்படவில்லை. சாதாரண மனிதர்கள் தவறு செய்தாலும் சுழன்று விழாத, எளிதான விமானம் வேண்டும் என்று செய்யப்பட்டது. எல்லோருக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எடுத்த முடிவு, எழுபது ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் இரண்டு பாதங்களை விடுவித்தது: ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று விசைக்கு. ஜெசிகாவின் உரிமம் சிறுவிமானத்துக்கானது, பயணிகள் விமானத்துக்கானது அல்ல. அந்த எல்லையையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்கு மரியாதை. இந்த உடலால் இந்த விமானத்தில் இந்த அளவுக்கு முடியும் என்று தெளிவாகச் சொல்லும் சான்று, ‘மனமிருந்தால் எல்லாம் முடியும்’ என்ற சுவரொட்டியைவிட எவ்வளவோ மேல்.

மறைத்தலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில்தான் உயிர்கள் இருக்கின்றன. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். கையும் காலும் முழுமையாக இருந்த, மருத்துவச் சான்று பெற்ற விமானி அவர். தன் மனநோயை நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்திருந்தார். பிரெஞ்சு விசாரணை அமைப்பு, உரிமமும் வருமானமும் போய்விடும் என்ற பயம் விமானிகளை நோயைச் சொல்லாமல் இருக்கச் செய்கிறது என்று சுட்டிக்காட்டி, சக விமானிகளின் ஆதரவுக் குழுக்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதை மனநோயாளிகள் மீதான பழியாக எடுத்துக்கொண்டால் இன்னும் பலர் மறைப்பார்கள், அவ்வளவுதான். சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். யாரும் சொல்லாத இடத்தில் யாருக்கும் பாதுகாப்பில்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வேலைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவதைக் கடமையாக்குகிறது. பணியின் தன்மையைக் காரணம் காட்டிச் சில நிறுவனங்களுக்கு அரசு விலக்களிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. விலக்கு எல்லாமே அநீதி என்று நான் சொல்லமாட்டேன். 68 கிலோ விசை ஒரு உண்மைக் காரணம். ஆனால் ‘பாதுகாப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு கதவை மூடுபவரிடம் நாம் கேட்கலாம். எந்த வேலை, எந்த நொடியில், எவ்வளவு விசை? ஓட்டிப் பார்க்கச் சொன்னீர்களா? இயந்திரத்தில் எதை மாற்றிப் பார்த்தீர்கள்? இரண்டு கை கால் உள்ளவரிடமும் இதையே கேட்டீர்களா? விமானத்துக்கு மட்டுமல்ல, பேருந்துக்கும் அறுவைச் சிகிச்சை அறைக்கும் வேதியியல் ஆய்வகத்துக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். விடை ‘முடியாது’ என்றே வந்தாலும், காரணத்தோடு வரும் ‘முடியாது’வை ஒருவர் கௌரவத்தோடு ஏற்கவும் முடியும், எதிர்த்து வழக்காடவும் முடியும்.

பொலெவோயின் நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காட்டில் ஊர்ந்த பக்கங்கள் என்னை இன்னும் விடவில்லை. ஆனால் மாணவிகளுக்கு அதைக் கொடுக்கும்போது நடன அரங்கில் கைதட்டிவிட்டு எழுந்து வரக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறேன். பயிற்சி விமானம் வரும் பக்கங்களை மெதுவாக வாசியுங்கள். வாரை எப்படிக் கட்டினான், எந்தத் தசையால் பெடலை உணர்ந்தான் என்று பாருங்கள். அவனோடு விமானத்தில் உட்கார்ந்திருந்த நௌமோவ் எதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பிறகு, நாவல் பேசவிடாத ஓல்யாவின் கடிதத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். ‘என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்று அவள் ஆரம்பிப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.